கோலிட்டன் பங்கின் பழைய ஏடுகள்: ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலிட்டன் எங்கே இருக்கிறது? ஆயிரம் ஊர் இருக்க, இந்த ஊர் எதற்கு?

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோலி என்ற சிற்றாற்றின் கரையில் உள்ள சின்ன ஊர் கோலிட்டன். கடற்கரை ஊரான சீட்டன் சில மைல் தொலைவு. ஒரு காலத்தில் சந்தை கூடிய ஊர், கம்பளித் துணியும் லேஸ் எனப்படும் பூவேலைப் பின்னலும் செய்த ஊர். சுற்றுலாப் பயணிகள் பலர் இதன் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மக்கள்தொகை வரலாறு படித்தவர்களுக்கு இது மிகவும் தெரிந்த பெயர். இங்குள்ள புனித அந்திரேயா கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் 1538இல் தொடங்கி 1837 வரை, முந்நூறு ஆண்டுகளுக்கு, பெரிய இடைவெளி இல்லாமல் கிடைத்திருக்கின்றன. அவற்றை வைத்து ஈ. ஏ. ரிக்லி என்ற வரலாற்றாசிரியர் 1966இல் வெளியிட்ட ஆய்வு, பழங்கால ஆங்கிலேயக் குடும்பம் பற்றி அதுவரை இருந்த எண்ணங்களைப் புரட்டிப்போட்டது.

இங்கிலாந்தில் வாழும் தமிழர்கள் பலரின் வீட்டில் இப்போது ஆங்கிலேய மருமகளோ மருமகனோ இருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்கு ஒரு பக்கத்துக் கிளையை நாம் சொல்லிவிடுவோம், மற்றப் பக்கத்துக் கிளையை எப்படித் தேடுவது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கோலிட்டனில் கற்றுக்கொண்ட வழிமுறை மற்ற ஆங்கிலேயப் பங்குகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பங்கு என்றால் இங்கே சரியாக என்ன?

ஒரு கோயிலும் அதற்கு உட்பட்ட நிலப்பரப்பும். கத்தோலிக்கர் பங்கு என்கிறோம், தென்னிந்தியத் திருச்சபையினர் சேகரம் என்கிறார்கள். ஆனால் நம் ஊரில் பங்கு என்பது வழிபாட்டோடு முடிந்துவிடும். இங்கிலாந்தில் அது அரசாங்கத்தின் கடைசிப் படியாகவும் இருந்தது. ஏழைகளுக்கான வரியை வசூலிப்பது, சாலையைப் பழுது பார்ப்பது, அநாதைப் பிள்ளையைத் தொழில் பழக அனுப்புவது எல்லாம் பங்கின் பொறுப்பு. அதனால்தான் கோயில் பெட்டியில் ஊரின் முழு நிர்வாகமும் காகிதமாகக் கிடந்தது. கோயில் ஏடு பக்திக்கான ஏடு மட்டும்தானே என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

1538 என்ற ஆண்டு எங்கிருந்து வந்தது?

எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் அந்த ஆண்டு ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு குருவானவரும் ஒரு புத்தகம் வைத்து, அந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை கோயில் வார்டன் முன்னிலையில் எழுத வேண்டும். புத்தகம் இரண்டு பூட்டுள்ள பெட்டியில் இருக்க வேண்டும், ஒரு சாவி குருவானவரிடம், மற்றது வார்டன்களிடம். தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் அபராதம். இது புதிய வரி போடுவதற்கான கணக்கெடுப்பு என்று மக்கள் பயந்தார்கள்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகள் இருந்தும், அந்த முதல் ஆண்டிலிருந்தே ஏடு எஞ்சியிருப்பவை ஆயிரத்துக்கும் குறைவு. முதலில் எழுதியது காகிதத்தில். 1598இல் அவற்றைத் தோலில் படியெடுக்கச் சொன்னபோது, எலிசபெத் அரியணை ஏறிய 1558இலிருந்து எழுதினால் போதும் என்று பல ஊர்களில் முந்தைய இருபது ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். கோலிட்டனில் அப்படி விடாதது நம் அதிர்ஷ்டம். அதே காலத்தில், ஆண்டுதோறும் ஒரு படியை ஆயருக்கு அனுப்பவும் உத்தரவு வந்தது. மூல ஏடு செல்லரித்த இடத்தில் ஆயரின் படி கைகொடுக்கும்.

ஒரு பதிவில் என்னென்ன இருக்கும்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஆரம்பக் காலத்தில் ஞானஸ்நானம் என்றால் தேதி, பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர். தாயின் பெயரைப் பல இடங்களில் எழுதவே இல்லை. அடக்கம் என்றால் தேதியும் பெயரும், மிஞ்சினால் இன்னாரின் மனைவி என்றோ மகள் என்றோ ஒரு சொல். இறந்தவரின் வயது கிடையாது. ஒரே வீட்டில் அப்பா, மகன், பேரன் மூவரும் ஜான் என்றால் புதைக்கப்பட்டது எந்த ஜான் என்று கண்டுபிடிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

1754இலிருந்து நிலைமை மேம்படுகிறது. ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டத்தின்படி, மூன்று ஞாயிறு கோயிலில் திருமண அறிவிப்பு (ஓலை) வாசித்தோ உரிமம் பெற்றோதான் மணம் முடிக்க வேண்டும். மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ஒரு சிலுவைக் குறி போட்டார்கள். நடுங்கிய கோடு, பேனாவை அழுத்திப் பிடித்த மைக்கறை: அந்த மனிதரின் கையே பட்ட ஒரே இடம் அதுதான். அச்சிட்ட படியில் பெயரைப் பார்த்ததோடு நிறுத்தாமல், மூலப் பக்கத்தின் படத்தை எப்படியாவது பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

1813இலிருந்து அச்சிட்ட படிவம் வந்தது. தாய் பெயர், தந்தையின் தொழில், இறந்தவர் வயது எல்லாம் கட்டம் கட்டி நிற்கும். 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு அரசுப் பதிவாகிவிட்டது.

பழைய தேதிகள் ஏன் குழப்புகின்றன?

1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. ஆகவே ஏட்டில் 1645 பிப்ரவரி என்று எழுதியிருந்தால், நம் கணக்கில் அது 1646 பிப்ரவரி. இதை மறந்தால், திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பே பிள்ளை பிறந்ததாக ஒரு நல்ல குடும்பத்தின்மேல் பழி போட்டுவிடுவோம். 1752இல் நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. இடைப்பட்ட பதினொரு நாட்களில் யாரும் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

இன்னொன்று, ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது. சில வீடுகளில் சில நாள் இடைவெளி, சில வீடுகளில் மூன்று பிள்ளைகளை ஒரே நாளில் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

கொள்ளைநோயில் ஊர் அழிந்தது என்கிறார்களே?

அழியவில்லை, ஆனால் பலமாக அடிபட்டது. 1645 நவம்பரில் தொடங்கிய பிளேக் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. ஊரின் ஐந்தில் ஒரு பங்கு மக்கள் இறந்திருக்கலாம் என்பது ரிக்லியின் மதிப்பீடு. அதற்குச் சற்று முன்புதான் உள்நாட்டுப் போரின் படைகள் டெவனைக் குறுக்கும் நெடுக்குமாக மிதித்திருந்தன. ஏட்டைப் புரட்டும்போது ஞானஸ்நானப் பக்கங்கள் மெலிந்துபோக, அடக்கப் பக்கங்கள் மட்டும் நீண்டுகொண்டே போகின்றன. ஒரே குடும்பப் பெயர் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் இடங்களில் நான் வேகமாகப் படிப்பதில்லை. இந்தப் பெயர்களை வேறு எங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை. கல்லறைக் கல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு அந்த ஒரு வரிதான் எல்லாம்.

ரிக்லி கண்டுபிடித்தது என்ன?

முதலில் அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். லூயி ஆன்ரி என்ற பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் வகுத்த முறையைக் கையாண்டு, ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அடக்கத்தையும் தனித்தனிச் சீட்டாக எடுத்து, ஒருவருக்கு உரியவற்றை ஒன்றுசேர்த்து, குடும்பம் குடும்பமாக மீண்டும் கட்டினார். இதைக் குடும்ப மீட்டுருவாக்கம் என்பார்கள். ரிக்லியும் பீட்டர் லாஸ்லெட்டும் 1964இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஆய்வுக் குழுவின் முதல் பெரிய அறுவடை இது. ஒரு சீட்டு மாறினால் ஒரு குடும்பமே தப்பாகிவிடும் வேலை. அந்தப் பொறுமைக்குத் தலைவணங்க வேண்டும்.

இனி முடிவுக்கு வருவோம். பழைய காலத்தில் எல்லா நாட்டிலும் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே மணம் முடித்துவிடுவார்கள், வதவதவென்று பிள்ளை பெறுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். கோலிட்டன் ஏடு வேறு கதை சொல்கிறது. 1560 முதல் 1646 வரை, முதல் திருமணத்தின்போது பெண்களின் சராசரி வயது 27. கொள்ளைநோய்க்குப் பின், 1647 முதல் 1719 வரை, அது 29.6. அதே காலத்தில் ஆண்களின் சராசரி 27.7. அதாவது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக, இந்த ஊரில் மணப்பெண் சராசரியாக மணமகனைவிட மூத்தவள். பிறகு மெல்லக் குறைந்து, 1770க்குப் பின் பெண்களின் சராசரி 25 அளவுக்கு வந்தது.

இதில் புதிர் எங்கே என்றால், கொள்ளைநோய்க்குப் பின் ஆட்கள் குறைந்து நிலமும் வீடும் காலியானால், இளையவர்கள் சீக்கிரம் மணம் செய்துகொள்வார்கள் என்பதே எதிர்பார்ப்பு. கோலிட்டனில் நேர்மாறாக நடந்தது. அதோடு, திருமணமான பெண்களும் கடைசிப் பிள்ளையை முன்பைவிட இளம் வயதிலேயே பெற்று நிறுத்தியிருக்கிறார்கள். குடும்பங்கள் அறிந்தே பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தின என்று ரிக்லி வாதிட்டார். நவீன மருத்துவம் எதுவும் இல்லாத 17ஆம் நூற்றாண்டில்! அன்றிலிருந்து அறிஞர்கள் இதைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணிக்கை சிறியது என்றார்கள் சிலர். பலர் கோயிலைவிட்டு விலகிப்போனதால் ஏட்டில் பிள்ளைகள் குறைந்து தெரிகின்றன என்றார்கள் சிலர்.

எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் பமீலா ஷார்ப் என்ற வரலாற்றாசிரியர் தந்தது. அவர் பிறப்பு இறப்பு எண்களோடு நிற்காமல், ஏழைவரிக் கணக்குகளையும் ஊரின் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தார். கோலிட்டன் சுற்றுவட்டாரம் ஹானிட்டன் லேஸ் என்ற பின்னலுக்குப் பெயர்போனது. திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பெண்கள் பின்னும் வேலை. ஆண்கள் பிழைப்புத் தேடி வெளியே போக, கைத்தொழில் வைத்திருந்த பெண்கள் ஊரில் தங்கினார்கள். மணமகன்கள் குறைவு, பெண்ணிடம் சொந்தமாக நாலு காசு புழங்கியது. தாமதமான திருமணத்துக்கு இதைவிட மனிதத்தனமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் மரத்தில் முப்பது வயதில் மணமான ஒரு முப்பாட்டி இருந்தால், பதிவில் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

என் முன்னோர் பெயர் 1680களில் திடீரென்று காணாமல் போகிறதே?

1685 ஜூன் 11 அன்று, அரசர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்த மான்மத் கோமகன் கிளர்ச்சிப் படையோடு பக்கத்துக் கடற்கரையான லைம் ரீஜிஸில் இறங்கினார். டெவனில் அவருக்கு அதிக ஆட்களைத் தந்த ஊர்களில் கோலிட்டனுக்கு முதலிடம். அதனால் டெவனின் கலகக்கார ஊர் என்ற பெயரும் வந்தது. ஜூலை 6 அன்று செட்ஜ்மூரில் தோல்வி. நீதிபதி ஜெஃப்ரிஸ் நடத்திய விசாரணைகளுக்குப் பிறகு பலர் தூக்கிலிடப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பத்தாண்டு அடிமை ஊழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படிப் போனவர்களின் அடக்கம் கோலிட்டன் ஏட்டில் எப்படி இருக்கும்? மனைவியின் பெயர் இருக்கும், பிள்ளைகளின் பெயர் இருக்கும், அவர் பெயர் மட்டும் இராது. வழக்கு விசாரணைப் பட்டியல்களும் நாடுகடத்தப்பட்டோர் பட்டியல்களும் எஞ்சியிருக்கின்றன. அங்கே தேடுங்கள்.

எல்லா இடைவெளிக்கும் மான்மத் காரணமல்ல. கோலிட்டனில் அரசாங்கத் திருச்சபையை ஏற்காத குடும்பங்கள் நிறைய. அவர்களுடைய சபைகள் தனி ஏடு வைத்தன. 1837க்குப் பின் அவற்றில் பலவற்றை அரசு கேட்டு வாங்கிக்கொண்டது. இப்போது லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1653 முதல் 1660 வரை இன்னொரு சிக்கல்: ஆலிவர் குரோம்வெல் காலத்து ஆட்சி (முன்னே சொன்ன தாமஸ் அல்ல) பதிவு வேலையைக் குருவானவரிடமிருந்து எடுத்து ஊரார் தேர்ந்த ஓர் அலுவலரிடம் கொடுத்தது, திருமணமும் நீதிபதி முன்புதான். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. ஏழைகளுக்கு விலக்கு. அந்த ஆண்டுகளில் யாரேனும் ஏழை என்று குறிக்கப்பட்டிருந்தால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

பரம ஏழைகளைத் தேட முடியுமா?

சுமாராக வாழ்ந்தவர்களைவிட அவர்களைத் தேடுவது சுலபம். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் உதவி கேட்க உரிமையுள்ள பங்கு ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து வந்து நொடித்துப்போனவரை விசாரித்து, எங்கே பிறந்தாய், யாரிடம் ஓராண்டு முழுக்க வேலை செய்தாய், எங்கே தொழில் பழகினாய் என்று வாக்குமூலம் வாங்கி, உரிய ஊருக்குத் துரத்திவிடுவார்கள். கொடுமையான நடைமுறைதான். கர்ப்பிணிப் பெண்களைக்கூட அவசரமாக எல்லை தாண்டி விட்டிருக்கிறார்கள், பிள்ளை இங்கே பிறந்தால் செலவு இந்த ஊர் தலையில் என்று. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளின் வாழ்க்கை வரலாறு அவர் வாய்மொழியாகவே கிடைப்பது இந்த வாக்குமூலங்களில்தான். மணமாகாத தாயிடம் தந்தை யாரென்று கேட்டு எழுதிய பத்திரங்களும் இருக்கின்றன. ஞானஸ்நான ஏட்டில் வெற்றிடமாக இருக்கும் தந்தை பெயர் சில நேரம் அங்கே கிடைக்கும்.

குடும்பத்து உயில் கிடைக்குமா?

டெவன் குடும்பங்களுக்கு இது துயரமான பதில். 1942 மே மாதம் எக்ஸிட்டர் நகரின்மேல் ஜெர்மானியக் குண்டுகள் விழுந்தபோது, உயில்கள் வைத்திருந்த பதிவகம் எரிந்துபோனது. பல நூற்றாண்டு உயில்கள் ஓர் இரவில் சாம்பல். ஆனாலும் கைவிட வேண்டாம். கொஞ்சம் வசதியானவர்களின் உயில்கள் கேன்டர்பரிப் பேராயரின் நீதிமன்றத்துக்குப் போயின, அவை கியூவில் பத்திரமாக உள்ளன. 1812 முதல் 1857 வரை வரித்துறைக்கு எடுத்த படிகள் உண்டு. போருக்கு முன்பே ஆய்வாளர்கள் கைப்பட எடுத்த சுருக்கங்களும் உண்டு. 1858க்குப் பிந்தையவை அரசுப் பதிவகத்தில் கிடைக்கும்.

கோயிலில் உள்ள சின்னச் சிலை, மீன்முள் தொண்டையில் சிக்கி இறந்த சிறுமியுடையதா?

ஊர் அப்படித்தான் சொல்லிவந்தது. நான்காம் எட்வர்டின் மகள் கேத்தரினுக்குப் பிறந்த மார்கரெட் கோர்ட்னி, அருகிலிருந்த கோல்கம் மாளிகையில் மீன்முள் சிக்கி 1512இல் இறந்ததாகக் கல்வெட்டே உண்டு. சிலை குழந்தை அளவில் இருப்பதால் கதை நன்றாகப் பொருந்திவிட்டது. ஆனால் சிலையோடு உள்ள கேடயங்களில் போஃபர்ட் குடும்பச் சின்னம் இருக்கிறது. அந்தச் சின்னம் பொருந்துவது தாமஸ் கோர்ட்னி பிரபுவை மணந்த மார்கரெட் போஃபர்டுக்கு. அவர் 15ஆம் நூற்றாண்டுக்காரர், வளர்ந்த பெண். கல்லில் வெட்டியிருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை நான் முதலில் உணர்ந்தது இந்தச் சிலையால்தான். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வம்சக் கதைகளையும் இப்படியே அன்போடு சோதிக்க வேண்டும்.

ஊரின் நிலம் ஊராருக்கே சொந்தமாமே?

ஒரு பகுதி. கோர்ட்னி குடும்பத்தைச் சேர்ந்த எக்ஸிட்டர் பிரபுவை எட்டாம் ஹென்றி தலைவெட்டிக் கொன்று, சொத்தைப் பறித்துக்கொண்டார். அதில் கோலிட்டன் நிலங்களில் சிலவற்றை 1546இல் ஊர்ப் பெரியவர்கள் அரசரிடமிருந்து விலைக்கு வாங்கி, ஊர் நன்மைக்கான அறக்கட்டளையாக்கினார்கள். பள்ளிக்கூடமும் அப்போது தொடங்கியதே. அந்த அறங்காவலர் குழு இன்றும் இயங்குகிறது. குத்தகைப் பத்திரங்களில் மூன்று பேரின் ஆயுட்காலம் வரை என்று பெயர்களோடு குறிப்பது டெவன் வழக்கம் என்பதால், குடும்பம் தேடுவோருக்கு நிலப் பத்திரங்கள் பொக்கிஷம்.

முன்னோர் ஒருவர் சென்னைக்குப் போனதாகச் சொல்கிறார்கள். எங்கே பார்ப்பது?

லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில். சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் 1698இலிருந்து அங்கே இருக்கின்றன.

எங்கே தொடங்குவது?

பாட்டியிடம். பிறகு 1837க்குப் பிந்தைய சான்றிதழ்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகப் பெயர்கள் உண்டு, ஆனால் 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 1921 வரை பொதுமக்கள் பார்க்கலாம். 1931க்கானது தீயில் போயிற்று, 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக், ஃப்ரீபிஎம்டி ஆகிய தளங்களில் காசில்லாமல் தேடலாம். கோலிட்டன் ஏடுகளை டெவன், கார்ன்வால் ஆவணக் கழகம் 1928இல் அச்சிட்டிருக்கிறது. மூலங்களைப் பற்றி எக்ஸிட்டரில் உள்ள டெவன் மரபு மையத்தில் கேளுங்கள்.

தேடும்போது உங்கள் குடும்பப் பெயரை மட்டும் பொறுக்கி எடுக்காமல் முன்னும் பின்னும் இருபது பக்கம் படியுங்கள். சாட்சியாகக் கையெழுத்திட்டவர் அத்தை கணவராக இருப்பார். எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள், எழுதியவர் காதில் விழுந்ததுதான் பெயர்.

நேரில் போனால்?

சீட்டனிலிருந்து ஆக்ஸ் ஆற்றங்கரை வழியாகச் சின்ன டிராம் போகிறது, 1966இல் மூடிய ரயில் பாதையின் தடத்திலேயே. ஊருக்குள் நடந்தால், கோபுரத்தின் உச்சியில் எட்டுப் பட்டையில் விளக்குக் கூண்டு போன்ற மாடம் தெரியும், அதை வைத்தே கோயிலுக்கு வழி பிடிக்கலாம். உள்ளே டெவன் வரலாற்றைத் தொகுத்த வில்லியம் போல் புதைக்கப்பட்டிருக்கிறார், 1635இல் இறந்தவர். உங்கள் முன்னோருக்குக் கல் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெரும்பாலோர் கோயிலைச் சுற்றியுள்ள புல்தரையின் கீழ், அடையாளம் ஏதும் இல்லாமல் கிடக்கிறார்கள். ஏட்டில் உள்ள வரியின் நகலைக் கையில் கொண்டுபோய், அங்கே நின்று ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.